கூட்டம் மொய்க்காத இடங்கள் சொல்லுங்களேன்

கேள்வி: கோபுரம், அரண்மனை எல்லாம் பார்த்துச் சலித்துவிட்டது. வரிசையில் நிற்காமல் ‘அட!’ போட வைக்கிற இடம் ஏதாவது உண்டா?

பதில் 1: குரோஷியாவில், ஸதார் நகரக் கடலோரப் படிகள். 2005இல் கட்டியது. படிகளுக்கு அடியில் 35 குழாய்கள். அலை உள்ளே காற்றைத் தள்ளத் தள்ள, யாரோ தூக்கத்தில் ஆர்கன் வாசிப்பதுபோல ஒலி வரும். ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தவன், இருட்டிய பிறகுதான் எழுந்தேன். ஒரு படகு கடந்தால் சுருதியே மாறுகிறது!

பதில் 2: பார்லே என்கிற ஊர். பெல்ஜியம், நெதர்லாந்து எல்லை சில வீடுகளுக்கு ஊடாகவே ஓடும். வாசற்கதவு எந்தப் பக்கமோ, அந்த நாட்டு வீடு.

கேட்டவர்: சரி, ஸதாருக்கு எப்போது போகலாம்?

பதில் 1: அலையடிக்கும் நாளாகப் பாருங்கள். கடல் சும்மா கிடந்தால் அது வெறும் படிக்கட்டுதான்.