தாய்லாந்தில் உள்வாங்கிய கடல், நாகையில் ஏன் முதலில் உள்வாங்கவில்லை?

நெய்தல் (கேள்வி):
2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் கரையில் கடல் முதலில் வெகுதூரம் உள்வாங்கி, அதன் பிறகே அலை வந்ததாகப் படித்தேன். எங்கள் நாகப்பட்டினப் பகுதிப் பெரியவர்களோ தண்ணீர் நேராகப் பொங்கி ஏறியது என்கிறார்கள். ஒரே நிலநடுக்கத்தில் பிறந்த சுனாமி இரு கரைகளில் இப்படி வேறுபடக் காரணம் என்ன? 'கடல் உள்வாங்கினால் ஓடுங்கள்' என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது போதுமா என்ற கவலையில் கேட்கிறேன்.

நிலவியல் ஆசிரியர்:
பெரியவர்கள் சொல்வது சரியே. சுமத்ரா முதல் அந்தமான் வரை நீளும் கடலடி அகழியில், இந்தியத் தட்டு (தட்டு என்பது பூமியின் மேலோட்டிலுள்ள பெரும் பாறைப் பலகை) பர்மா தட்டின் அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. இரண்டும் நகராமல் பூட்டிக் கிடந்த காலத்தில், மேல்தட்டின் மேற்கு விளிம்பு கீழே இழுபட, அதற்குக் கிழக்கே இருந்த பகுதி மெல்லப் புடைத்தது. அன்று காலை இந்திய நேரப்படி 6.29 மணியளவில், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பூட்டு விட்டபோது, விளிம்பு சில மீட்டர் மேலெழும்பியது. புடைத்திருந்த பகுதி தாழ்ந்தது. கடற்படுகை அசைந்தபடியே மேலிருந்த நீரும் அசைந்ததால், மேற்கே நம் கரைக்கும் இலங்கையின் கிழக்குக் கரைக்கும் புறப்பட்ட அலையில் முகடு முந்தி வந்தது. தாய்லாந்துப் பக்கம் போன அலையில் பள்ளம் முந்தியது. அந்தப் பள்ளம் கரையைத் தொடுவதையே கடல் உள்வாங்குவதாகக் காண்கிறோம். நிலம் தாழ்ந்ததற்கு இன்றும் சாட்சி உண்டு: கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை சுமார் 4 மீட்டர் இறங்கியதால், அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துவிட்டது.

குமரிக்கரை:
ஆனால் கன்னியாகுமரியில் அன்று கடல் உள்வாங்கிப் பாறைகள் தெரிந்ததாகப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேனே, ஐயா?

நிலவியல் ஆசிரியர்:
அதுவும் உண்மைதான். முகட்டின் பின்னால் பள்ளம் வரும், அதன் பின்னால் மீண்டும் முகடு வரும். முதல் அலையே பெரிய அலையாக இருக்க வேண்டியதில்லை. இலங்கையின் பெரேலியவில் முதல் அலைக்குப் பின் நின்றுபோன ரயிலில் பாதுகாப்புக்காக ஊர்மக்களும் ஏறிக்கொண்டனர். அடுத்து வந்த பேரலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதை எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது.

கடலோடி மகள்:
நெய்தல், பிள்ளைகளுக்குச் சொன்னதை மாற்ற வேண்டாம், கூட்டிச் சொல்லுங்கள். சுமத்ராவை ஒட்டிய சிமியுலு தீவினர் 1907ஆம் ஆண்டுச் சுனாமியின் நினைவைத் தலைமுறைகளாகச் சொல்லி வந்ததால், 2004இல் நிலம் பலமாக ஆடியதும் மேட்டுக்கு ஓடிப் பெரும்பாலோர் தப்பினர். நம் கரைக்கு அந்த எச்சரிக்கையும் வலுவாகக் கிடைக்காது. சுமத்ராவில் அதிர்ந்தது நமக்கு லேசாகவே தெரிந்தது, அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இடைவெளியில் செய்தி சொல்லத்தான் 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடல் அமைதியாகத் தெரிந்தாலும் அறிவிப்பு வந்தால் மேட்டுக்குப் போக வேண்டும், முதல் அலை வடிந்ததும் கரைக்குத் திரும்பக் கூடாது என்ற இரண்டையும் அவர்களிடம் சொல்லுங்கள்.