மடத்தடி வீட்டுக் குழு: சுதனின் மருந்து அளக்கிற கருவி

சுதன் (கல்கரி): மாமா, உங்களிட்ட ஒரு விசயம் கேக்கோணும். துவக்கு லைசென்ஸ் எடுத்து ரேஞ்சில சுடப் பழகுறன் எண்டு முந்திச் சொன்னனான் எல்லே. தோட்டா கடையில வாங்கிக் கட்டுப்படியாகுதில்லை. சுட்ட கோதைத் திரும்ப நிரப்பிப் பாவிக்கிறது இங்க சட்டப்படி செய்யலாம், கனபேர் வீட்டிலயே செய்யினம். கோதை அமத்தி உருவத்துக்குக் கொண்டுவாற பிரெஸ், டை எல்லாம் சிநேகிதன் ஒருத்தன் தன்ர பழசைத் தந்திட்டான். மருந்து அளக்கிற கருவி மட்டும் நான் வாங்கோணும். கையில காசு குறைவு. எதை வாங்கலாம்?

பெரியம்மா: ஐயோ தம்பி, இது குழுவில போடுற கதையே? வெடிமருந்து எண்டு வாசிச்சாலே எனக்கு நெஞ்சு பதறுது. கடலில டைனமைட் அடிக்கப்போய்க் கை போன பெடியளை இந்த ஊரில கண்ட ஆள் நான்.

ராணி அக்கா: பெரியம்மா, அவன் அங்கத்தைச் சட்டத்துக்குள்ள நிண்டுதான் செய்யிறான். இங்க ஆரும் செய்யப்போறதில்லை. எங்கட நாட்டில 1956ம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கு, அனுமதி இல்லாமல் வீட்டில வைச்சிருக்கேலாது. ஒருத்தரும் இந்தக் கதையை வேற குழுவுக்கு ஃபோர்வேட் பண்ணாதேங்கோ, அவ்வளவும் போதும்.

சின்ன மாமா: இப்பதான் கடை பூட்டி வந்தனான். சுதன், நீ அனுப்பின கையேட்டை நான் முழுக்க வாசிச்சனான். மூண்டு கேள்விக்கு மறுமொழி சொல்லு. ரைபிளோ கைத்துவக்கோ? ஒரு இருப்பில எத்தினை நிரப்புவாய்? மருந்து உருண்டையோ, சப்பையோ, குச்சியோ?

சுதன் (கல்கரி): ரைபிள், 308 எண்ட அளவுத் தோட்டா. ஒரு இருப்பில 50க்கு மேல போகமாட்டன். மருந்து வார்கெட், அது சின்னச் சின்னக் குச்சி. அளக்கிற கருவியில கடையில பாத்து வைச்சது லீ பெர்ஃபெக்ட், லைமன் 55, ஆர்.சி.பி.எஸ். யூனிஃப்ளோ. லீ தான் எல்லாத்திலயும் மலிவு. யூனிஃப்ளோ அதின்ர விலையில ரெண்டு மடங்குக்கும் மேல. ரேஞ்சில ஒருத்தர் லீயைப் பாத்து, உது பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான், வாங்காதை எண்டுறார்.

நிலாவெளி அத்தான்: பிளாஸ்ரிக் எண்டவுடன தள்ளாதை. உள்ளுக்கை சுழண்டு மருந்தை அளந்து கொட்டுற உருளையின்ர படம் இருந்தால் அனுப்பு.

சுதன் (கல்கரி): [படம்]

நிலாவெளி அத்தான்: ஓம், நினைச்சது சரி. கூம்பு உருளை. ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்திருக்கு பார். லேத்தில நிண்டவனுக்கு இது விளங்கும். நேர் உருளை தேஞ்சால் இடைவெளி விழும், பிறகு ஒண்டும் செய்யேலாது. கூம்பெண்டால் பக்கத்தில இருக்கிற திருகாணியைக் கொஞ்சம் இறுக்க உருளை உள்ளுக்குப் போய்த் திரும்பவும் பொருந்தும். மலிவுச் சாமானுக்கு ஆரோ நல்லா யோசிச்சிருக்கினம். ஆனால் பொடி மருந்து போட்டால் அந்தப் பொருத்துக்குள்ளால ஒழுகும். உன்ர குச்சி மருந்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சுதன் (கல்கரி): அதைத்தான் இங்கயும் சொல்லுறாங்கள் அத்தான். மெல்லிய உருண்டை மருந்து போட்டால் மேசையெல்லாம் கொட்டுமாம். குச்சிக்கு லீ நல்லதாம், வழிக்கிற இடத்தில ரப்பர் மாதிரி மெதுவான துண்டு வைச்சிருக்கிறதால குச்சியை வெட்டாமல் விடுமாம். வார்ப்பிரும்பு மெஷரில (இந்த அளக்கிற கருவியைத்தான் மெஷர் எண்டுறது) குச்சி இடையில அகப்பட்டுக் கறக் கறக் எண்டு வெட்டுப்படுறது கைக்கே தெரியும்.

சின்ன மாமா: அப்ப பாதி முடிஞ்சுது. இனி நான் சொல்லுறதைக் கவனமாக் கேள், இதுதான் முக்கியம். இந்தக் கருவி ஒண்டும் நிறுக்கிறதில்லை. லீ எண்டாலும் யூனிஃப்ளோ எண்டாலும் அது செய்யிறது ஒரு குழியை நிரப்பிக் கவிழ்க்கிறது மட்டும்தான். குழிக்குள்ள மருந்து எவ்வளவு நெருக்கமாப் படியுது எண்டது ஒவ்வொரு தரமும் மாறும். மேல தொட்டியில மருந்து நிரம்பி இருக்கேக்க ஒரு படிவு, குறைஞ்சு போகேக்க வேற படிவு. பிடியை மெல்ல இழுத்தால் ஒண்டு, சடாரெண்டு இழுத்தால் இன்னொண்டு. காத்தில ஈரம் இருந்தால் அதுவும் சேரும். ஆனபடியால் காசைக் கருவியில கொட்டாதை. தராசில போடு.

சுதன் (கல்கரி): ஆனால் மாமா, நல்ல மெஷர் இருந்தால் ஒவ்வொண்டையும் நிறுக்கத் தேவையில்லை எண்டு சொல்லுறாங்களே.

சின்ன மாமா: கணக்குப் பாத்துச் சொல்லு. மருந்து நிறுக்கிற கிரெயின் எண்ட சின்ன நிறை எங்கட நகைத் தொழிலுக்குப் புதுசில்லை. பவுன் காசு 7.988 கிராம், கிரெயினில 123.27. ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். பழைய ஆக்கள் குண்டுமணி போட்டு நிறுத்ததில ஒரு குண்டுமணி ஏறக்குறைய 2 கிரெயின். உன்ர தோட்டாவுக்கு உதாரணமா 40 கிரெயின் எண்டு வைப்பம் (உண்மையான கணக்கைப் புத்தகத்தில மட்டும் பார், என்னிட்டயோ ரேஞ்சுக்காரரிட்டயோ கேக்காதை). அது ஒரு பவுன் காசின்ர நிறையில ஏறக்குறைய மூண்டில ஒரு பங்கு. அதில 0.2 கிரெயின் கூடிக் குறைஞ்சால் நூத்துக்கு 0.5. கைத்துவக்குக்கு 4 கிரெயின் போடுறவனுக்கு அதே 0.2 நூத்துக்கு 5. ஒரே கருவி, ஒரே பிழை, பலன் பத்து மடங்கு வித்தியாசம். அவங்கள் நிறைய நிரப்புறவங்கள், அவங்களுக்கு நல்ல மெஷர் வேணும். நீ 50 தோட்டாக்காரன். ஒவ்வொண்டையும் நிறுக்க உனக்கு நேரம் இருக்கு.

ராணி அக்கா: மாமா சொன்னதில ஒண்டு கூட்டுறன். சில பேர் 10 தரம் கொட்டி எல்லாத்தையும் சேத்து நிறுத்துப் பத்தால பிரிக்கிறவை. அதில சராசரி மட்டும்தான் தெரியும். ஒண்டு கூடி ஒண்டு குறைஞ்சிருந்தால் ஒண்டையொண்டு மறைச்சுப்போடும். பிள்ளையளுக்கு ஆய்வுகூடத்தில இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுறனான். பத்தையும் தனித்தனிய நிறுத்து எழுது. ஆகக் கூடினதுக்கும் ஆகக் குறைஞ்சதுக்கும் உள்ள தூரத்தைப் பார். அதுதான் உன்ர கருவியின்ர குணம்.

சுதன் (கல்கரி): சரி அக்கா. மாமா, அப்ப இந்தத் தராசு எப்பிடி? மலிவா இருக்கு, நகைத் தராசு எண்டுதான் போட்டிருக்கு. [படம்]

சின்ன மாமா: படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தன். 0.01 கிராம் தான் காட்டும். உனக்குச் சரிவராது. 0.01 கிராம் எண்டால் 0.15 கிரெயின். நீ 0.1 கிரெயினைப் பிடிக்க நிக்கிறாய், தராசின்ர ஒரு படியே அதைவிடப் பெரிசு. கிரெயினில காட்டுற பொத்தான் இருக்கும்தான், இலக்கம் அழகா மாறும், ஆனால் உள்ளுக்குள்ள நிறுக்கிறது அதே 0.01 தான். 0.1 கிரெயின் எண்டது 6.5 மில்லிகிராம். அதை ஒழுங்காக் காட்டுறது வாங்கு. மின்சாரம் இல்லாத கோல் தராசு, மருந்து நிறுக்கவெண்டே செய்யிறாங்கள், காந்தம் வைச்சு ஆட்டத்தை அடக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான். பழசா வாங்கினாலும் கோலைத் தாங்கிற கத்தி முனையும் அது இருக்கிற கல்லும் துப்பரவா இருந்தால் காலத்துக்கும் பிழைக்காது.

நிலாவெளி அத்தான்: எலெக்ட்ரோனிக் எண்டால் வேகம் எல்லே மாமா.

சின்ன மாமா: வேகம்தான், மறுக்கேல்ல. ஆனால் மலிவு எலெக்ட்ரோனிக் தராசு இருந்தாப்போல சுழியத்தை விட்டு நகரும். போனைப் பக்கத்தில வைச்சால் சிலது ஆடும், மின்விசிறிக் காத்துக்கும் ஆடும். எங்கட கடையில சித்திரை வெயிலுக்கையும் நிறுக்கேக்க விசிறியை நிப்பாட்டிப்போட்டுத்தான் நிறுக்கிறனாங்கள். தராசு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும், கடற்காத்து கதவிடுக்கால வந்தாலே முள்ளு நடுங்கும். காலமை கடை திறந்து விளக்குக் கொளுத்தின கையோட படிக்கல்லு வைச்சுப் பாத்துப்போட்டுத்தான் முதல் சாமான் நிறுக்கிறது. அப்பா காலத்தில இருந்து அது மாறேல்ல. சுதன், நீ எந்தத் தராசு வாங்கினாலும் சோதிக்கிற படிக்கல்லு ஒரு பெட்டி சேத்து வாங்கு. உன்ர அளவுக்குக் கிட்டின நிறை அதில இருக்கோணும். கையால தொடாதை, சாவணத்தால எடு. விரல் எண்ணெய் பட்டால் கல்லு பொய் சொல்லும்.

பெரியம்மா: எனக்கு உந்தக் கணக்கு விளங்கேல்ல. ஒண்டு கேக்கிறன். கை தவறி ரெண்டு தரம் போட்டால் என்ன நடக்கும்?

சுதன் (கல்கரி): பெரியம்மா, என்ர 308 கோதுக்கு ரெண்டு தரம் போட்டால் நிரம்பி வெளிய வழியும், உடன கண்ணுக்குத் தெரியும். கைத்துவக்குக் கோதில தான் ரெண்டு அளவு சத்தமில்லாமல் உள்ளுக்குப் போய் இருக்கும். அது துவக்கையே உடைக்கும், பிடிச்ச கையையும் விடாது.

பெரியம்மா: வழிஞ்சால் தெரியும் எண்டு நம்பி இராதை. வெளிச்சம் பிடிச்சுப் பார்.

சுதன் (கல்கரி): ஓம் பெரியம்மா. எல்லாக் கோதையும் துளைப் பலகையில நிமித்தி அடுக்கி, மேலால டோர்ச் அடிச்சு மருந்து மட்டம் எல்லாத்திலயும் ஒண்டா இருக்கோ எண்டு பாத்த பிறகுதான் சன்னம் வைக்கிறது. அதை இங்க எல்லாரும் செய்யினம்.

சின்ன மாமா: பெரியக்கா சரியான இடத்தில கை வைச்சிட்டா. இப்ப நான் ஒரு முறை சொல்லுறன், மலிவுக் கருவியை வைச்சே திருத்தமா நிரப்பலாம். லீ மெஷரை வேணுமெண்டே அரைக் கிரெயின் குறைய விழுகிற மாதிரித் திருப்பி வை. விழுந்ததை நேரே தராசுத் தட்டில கொட்டு. மிச்சத்தைச் சொட்டுச் சொட்டாக் குச்சி குச்சியா விழுத்திற சின்னக் குழாய் ஒண்டு விக்கிறாங்கள், ட்ரிக்ளர் எண்டு கையேட்டில இருக்கு, மலிவு. அதால கோல் நடுவுக்கு வரும்வரைக்கும் நிரப்பு. பொன் நிறுக்கேக்க நாங்களும் இப்பிடித்தான், பெரும்பங்கைக் கையால போட்டிட்டு மிச்சத்தை அரம் ராவின பொடியால சரிக்கட்டுவம்.

நிலாவெளி அத்தான்: அப்பிடி எண்டால் மெஷரே தேவையில்லை போல. அந்த மஞ்சள் கரண்டிப் பெட்டியும் லீ தானே விக்கிறான்?

சுதன் (கல்கரி): ஓம், 15 கரண்டி, 0.3 சிசியில இருந்து 4 சிசி வரைக்கும். மெஷரை விட மலிவு.

சின்ன மாமா: உண்மையில அதுவும் போதும். கரண்டியால குறைய அள்ளிப் போட்டு ட்ரிக்ளரால நிரப்பலாம். காசு இறுக்கமெண்டால் கரண்டிப் பெட்டியும் நல்ல தராசும் வாங்கு. கொஞ்சம் இழக்கமெண்டால் லீ மெஷரும் நல்ல தராசும். நல்ல மெஷரும் மலிவுத் தராசும் மட்டும் வாங்காதை. அந்தச் சோடி தான் ஆபத்து, பிழை நடக்கிறதே உனக்குத் தெரியாது.

ராணி அக்கா: சுதன், கல்கரியில குளிருக்குக் காத்து காய்ஞ்சு போய்க் கிடக்கும் எண்டு சொல்லுவாய். பிளாஸ்ரிக் தொட்டியில நிலைமின் ஏறாதோ?

சுதன் (கல்கரி): ஏறும் அக்கா. மருந்து தொட்டிச் சுவரில ஒட்டிக்கொண்டு நிக்கும். உடுப்பு உலர்த்தியில போடுற தாளால உள்பக்கத்தைத் துடைச்சால் விடும். புதுசில முதல் கொஞ்ச மருந்தை ஓடவிட்டுத் திரும்ப ரின்னுக்கையே கொட்டோணுமாம், மருந்தில இருக்கிற கிராஃபைட் உருளையில படிஞ்ச பிறகுதான் அளவு நிலைக்கும்.

சின்ன மாமா: தொட்டி கதை வந்ததால இதையும் சொல்லிப்போட்டு விடுறன். வேலை முடிஞ்சால் தொட்டியில ஒரு குச்சியும் மிச்சம் விடாதை, அதின்ர சொந்த ரின்னுக்கே கொட்டு. சில மருந்து பிளாஸ்ரிக்கை அரிக்கும், அது ஒரு காரணம். பெரிய காரணம், ஒரு கிழமை கழிச்சு வந்து பாத்தால் தொட்டியில இருக்கிறது எது எண்டு பாத்துச் சொல்ல ஏலாது, ரெண்டு மருந்து நிறத்திலயும் உருவத்திலயும் ஒண்டு போல இருக்கும். மேசையில எப்பவும் ஒரே ஒரு ரின். கறுப்பு மருந்தை இந்தக் கருவிக்குக் கிட்டவும் கொண்டு போகாதை, அதுக்கு வேற கருவி.

பெரியம்மா: உன்ர சின்னவள் நடக்கத் தொடங்கீட்டாள் எல்லே. எங்க வைச்சுச் செய்யப்போறாய்?

சுதன் (கல்கரி): கீழ் அறையில, பூட்டுப் போட்டு. மருந்து ரின் வேற அலுமாரி, பிரைமர் (கோதின்ர அடியில இருந்து மருந்தைப் பத்தவைக்கிற சின்ன மூடி) வேற அலுமாரி. அவள் நித்திரை கொண்ட பிறகுதான் இருப்பன் பெரியம்மா.

பெரியம்மா: நித்திரைத் தூக்கத்தில செய்யாதை. அலுப்பெண்டால் அண்டைக்கு விடு.

நிலாவெளி அத்தான்: அது உண்மை. லேத்திலயும் விரல் போனவங்கள் எல்லாம் வேலை முடியிற நேரத்தில போனவங்கள்தான்.

சுதன் (கல்கரி): சரி, முடிவெடுத்திட்டன். லீ மெஷர், பழைய கோல் தராசு ஒண்டு இங்க ஒருத்தர் விக்கிறார், அதையும் போய்ப் பாக்கிறன். படிக்கல்லும் ட்ரிக்ளரும் புதுசா. யூனிஃப்ளோவுக்கு வைச்ச காசில எல்லாம் அடங்குது.

சின்ன மாமா: தராசு பாக்கப் போகேக்க எனக்கு வீடியோ கோல் எடு. முள்ளை ஒருக்கா ஆட்டிவிட்டு எங்க வந்து நிக்குது எண்டு பார், மூண்டு தரம் ஆட்டினால் மூண்டு தரமும் அதே கோட்டில நிக்கோணும். தட்டிநிண்டால் வாங்காதை. வந்தாப் பிறகு ராணி சொன்ன மாதிரிப் பத்துத் தரம் கொட்டி, பத்து நிறையையும் எழுதிக் குழுவில போடு. அதுக்குப் பிறகுதான் முதல் கோது. அதுவும் புத்தகத்தில தொடக்க அளவு எண்டு போட்டிருக்கிற கீழ்க் கணக்கில இருந்து.

சுதன் (கல்கரி): ஓம் மாமா. சனிக்கிழமை தராசு பாக்கப் போறன், உங்களுக்கு அங்க இரவு ஒரு ஒன்பது மணியா இருக்கும்.

சின்ன மாமா: முழிச்சிருப்பன்.