பின்சக்கரத்தில் காற்று நிற்பதில்லை, டயரின் ஓரமும் தேய்கிறது: காரணம் என்னவாக இருக்கும்?

திருவொற்றியூர் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் குடியிருந்துகொண்டு மணலிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். என்னுடையது 150 சிசி வண்டி, அலாய் சக்கரம், பின்னால் 100/90-17 அளவுள்ள டியூப்லெஸ் டயர். கோடைக்காலம் தொடங்கியதிலிருந்து பின்சக்கரத்தில் காற்று நிற்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பங்கில் 32 பி.எஸ்.ஐ. காற்று வைத்துவிட்டு வந்தால், வார இறுதியில் அளந்து பார்க்கும்போது இருபதுக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் டயர் வெடித்துச் சிதறும் கம்பிகளைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட மெல்லிய கம்பிகள் ஏறி முன்பு பஞ்சர் ஆனபோது கடையில் ஸ்ட்ரிப் போட்டுத் தந்தார்கள், அந்த இடங்களில் இப்போது கசிவு இல்லை. கடைசியாகப் போனபோது பட்டன் பகுதி (டயரில் தரையைத் தொடும், பள்ளங்கள் வெட்டிய ரப்பர்) முழுவதும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தும் ஒரு குமிழ்கூட வரவில்லை. "டயரே போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் டயரின் நடுப்பகுதியில் பட்டன் இன்னும் நன்றாகவே இருக்கிறது. இரண்டு ஓரங்கள்தாம் தேய்ந்திருக்கின்றன. அதிலும் வலப்பக்கம் சற்றுக் கூடுதல். டயரை மாற்றத்தான் வேண்டுமா, அல்லது உள்ளே டியூப் போட்டு ஓட்டலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வியாசர்பாடி மெக்கானிக்

ஐயா, நீங்கள் இரண்டு குறைகளாகச் சொல்லியிருப்பது பெரும்பாலும் ஒரே குறையாகத்தான் இருக்கும். டயரில் காற்று குறைந்தால் அதன் நடுப்பகுதி உள்வாங்கிக்கொள்ளும். பாரம் முழுவதும் இரண்டு ஓரங்களின் மேல் விழும். பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்வதால் சூடேறி, ஓரத்து ரப்பர் சீக்கிரம் உதிர்ந்துபோகும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்தீர்களா என்று கேட்டிருப்பேன். உங்கள் டயர் அதற்கு நேர்மாறாகத் தேய்ந்திருப்பதால், அது வெகுகாலமாகக் குறைந்த காற்றில் ஓடியிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, காற்று எந்த வழியாகப் போகிறது என்பது.

பட்டன் பகுதியில் குமிழ் வரவில்லை என்றால் மிச்சமிருப்பவை இரண்டு இடங்கள். ஒன்று வால்வு. அதன் மூடியைக் கழற்றி, வாயில் ஒரு சொட்டு எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்துப் பாருங்கள். மெல்ல உப்பி உடைந்தால் வால்வுக்குள் காற்றை அடைத்து வைக்கும் ஊசி (பின்) தேய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு வால்வின் ரப்பர் தண்டை விரலால் ஒரு பக்கமாகச் சாய்த்து, ரிம்மில் அது உட்காரும் அடிப்பகுதியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நேராக நிற்கும்போது மூடிக்கொண்டு, சக்கரம் சுழலும்போது மட்டும் திறக்கிற வெடிப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மற்றொன்று, டயரின் பீடு, அதாவது அதன் உள்வட்டத்துத் தடித்த ஓரம், ரிம்மோடு ஒட்டி உட்காரும் விளிம்பு. நம் பக்கத்து வண்டிகளில் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் என்று கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று பட்டு, அலாய் ரிம்மின் பெயின்ட் உள்விளிம்பில் உரிந்து, அலுமினியம் வெள்ளை மாவு போலப் பூத்துவிடும். அந்தப் பூச்சு பீடுக்கும் ரிம்முக்கும் நடுவே பொருக்காக நின்று, மயிரிழை அளவு வழி விட்டுவிடும். கடையில் பட்டன் மேல் மட்டும் தண்ணீர் தெளித்தால் இது தெரியாது. சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் முழுவதுமாக முக்க வேண்டும். அல்லது படுக்கவைத்து, இரண்டு பக்க விளிம்பிலும் கெட்டியான சோப்பு நுரையைச் சுற்றிலும் ஊற்றிச் சிறிது நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கசிவில் பெரிய குமிழ் வராது. ஒரு விரற்கடை நீளத்துக்குப் பால் நுரை போலப் பொடிப்பொடியாகத்தான் கிளம்பும்.

காசிமேட்டுக்காரர்

எனக்கும் இதே தொந்தரவு இருந்தது. நான் டியூப் போட்டுவிட்டேன், அதன் பிறகு காற்று இறங்கவில்லை. ரிம்மைச் சுரண்டிக்கொண்டிருப்பதைவிட இது சிக்கனமான வழி. துளையை உள்ளிருந்து அடைக்க டயருக்குள் ஊற்றுகிற பச்சைத் திரவம் ஊற்றினாலும் நின்றுவிடும் என்று சொல்கிறார்கள்.

பெரம்பூர் ஓட்டுநர்

டியூப் போட்டால் கசிவு நிற்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், ரப்பர் ஆணியைக் கவ்விப் பிடித்துக்கொண்டு காற்றை மெல்ல மெல்லத்தான் விடும். வீடு வந்து சேர நேரம் கிடைக்கும். டியூப் அப்படியல்ல: ஒரு கம்பி குத்தினால் காற்று ரிம்மின் வால்வுத் துளை வழியாகவே சில நொடிகளில் வெளியேறிவிடும். பின்னால் கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருக்கும் மணலி சாலையில் பின்சக்கரம் திடீரென்று ஆடத் தொடங்குவதை எண்ணிப் பாருங்கள். அதோடு, டியூப்லெஸ் டயரின் உட்சுவர் டியூப் உராய்வதற்கென்று வழவழப்பாகச் செய்யப்பட்டதன்று, அதில் உள்ள வரிகளும் பழைய ஸ்ட்ரிப்களின் உள்நுனிகளும் டியூபை நாளடைவில் அறுக்கும், சூடும் கூடும். அவசரத்துக்குப் போட்டு ஊர் வந்து சேரலாம், அதையே நிரந்தர வழியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

பச்சைத் திரவம் உங்கள் கசிவுக்கு உதவுமா என்பதும் ஐயமே. சக்கரம் சுழலும்போது அந்தத் திரவம் வெளிப்புறமாக வீசப்பட்டுப் பட்டனின் உட்பக்கத்தில்தான் படியும். ஆணித் துளையை அடைக்க அது போதும். ரிம் விளிம்புக்கு அது போய்ச் சேருவது அரிது. பின்னால் டயரைக் கழற்றும்போது கடைக்காரர் திட்டுவது தனிக்கதை.

திருவொற்றியூர் வாசி

அனைவருக்கும் நன்றி. வியாசர்பாடி ஐயா சொன்னபடி சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் முக்கச் சொன்னேன். வால்வில் ஒன்றும் இல்லை. பிரேக் டிரம் இருக்கும் பக்கத்து விளிம்பில், ஏறக்குறைய உள்ளங்கை அகலத்துக்குப் பொடிக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. பீடைத் தள்ளிப் பார்த்தால் ரிம்மின் உள்விளிம்பு அந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்து, பெயின்ட் செதில் செதிலாக எழும்பியிருந்தது. விரலால் தேய்த்தபோது மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. இனி இதை எப்படிச் சரிசெய்வது? கடைக்காரர் கம்பி பிரஷ் போட்டு எடுத்துவிடலாம் என்கிறார். வலப்பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருப்பதற்கும் இதுதான் காரணமா?

வியாசர்பாடி மெக்கானிக்

முரட்டுக் கம்பி பிரஷ் வேண்டாம் ஐயா. அது அலுமினியத்தில் கோடு போட்டுவிடும், அந்தக் கோடுகளே புதிய கசிவு வழிகளாகிவிடும். எழும்பிய பெயின்டை மட்டும் மழுங்கிய கத்தியால் எடுத்துவிட்டு, பொடி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விளிம்பின் சுற்றுவாக்கிலேயே தேய்க்கச் சொல்லுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. நகத்தால் வருடினால் எங்கும் தடுக்காத அளவுக்கு வந்த பிறகு துடைத்து உலர்த்தி, பீடு சீலர் என்று விற்கிற கறுப்புப் பசையை மெல்லியதாகத் தடவி மாட்ட வேண்டும். டயரின் பீடில் ஒட்டியிருக்கும் பழைய பொருக்கையும் துணியால் துடைத்தெடுக்க மறக்க வேண்டாம்; பலர் ரிம்மை மட்டும் சுத்தம் செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். டயர் கழன்றிருக்கும்போதே வால்வையும் புதிதாக மாற்றிவிடுங்கள், விலை அற்பம்தான். பூத்த இடம் பள்ளம் விழும் அளவுக்கு அரிக்கப்பட்டிருந்தால் மட்டும் ரிம்மையே மாற்ற வேண்டிவரும்.

டயர் கழன்றிருக்கும் வேளையில் பழைய ஸ்ட்ரிப் போட்ட இடங்களை உள்ளிருந்தும் பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரிப் என்பது வெளியிலிருந்து திணிக்கிற திரி. அதைச் செருகுவதற்கு முன் அரம் போன்ற கருவியால் துளையைப் பெரிதாக்குவதால் உள்ளே இருக்கும் நைலான் இழைகள் சில அறுந்திருக்கும். உட்புறம் தேய்த்துச் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற காளான் வடிவ ஒட்டு அதைவிட நம்பகமானது. துளை பக்கவாட்டுச் சுவரில் இருந்தால் எந்த ஒட்டும் போட வேண்டாம், அந்த டயரை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

வலப்பக்கத் தேய்மானம் சிறிதளவு என்றால் கவலை வேண்டாம். நாம் சாலையின் இடப்பக்கம் செல்வதால் வலத் திருப்பங்கள் அகலமானவை; வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து ஓடும் தூரம் கூடுதல். ஆனாலும் செயின் அட்ஜஸ்டரில் இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். செயினை இறுக்கும்போது ஒரு பக்க நட்டை மட்டும் திருகிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்போது பின்சக்கரம் கோணலாக நிற்கும்.

பெரம்பூர் ஓட்டுநர்

டயரை மாற்றுவதா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. பக்கவாட்டில் சிறிய முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும் இடத்துக்கு நேரே, பட்டன் பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தெரியும். ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. இருசக்கர வாகனங்களுக்கு விதிப்படி 0.8 மில்லிமீட்டராவது பள்ளம் இருக்க வேண்டும். நடுவில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், ஓரத்தில் அந்த மட்டம் வந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். மழையில் வண்டி சாயும்போது தரையைப் பிடிப்பது ஓரம்தான்.

பக்கவாட்டுச் சுவரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். குறைந்த காற்றில் நெடுநாள் ஓடியிருந்தால் அங்கே சுற்றிலும் ஒரு வளையம் போலச் சொரசொரப்போ, கறுப்பு ரப்பர்த் தூளோ இருக்கும். அது இருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டயரை நம்பக் கூடாது.

திருவொற்றியூர் வாசி

ரிம்மைத் தேய்த்துச் சீலர் தடவி மாட்டியாயிற்று; இப்போது காற்று நிற்கிறது. டயரின் உட்சுவரில் சொரசொரப்பு இல்லை, ஆனால் வலப்பக்க ஓரம் அந்த மேட்டைத் தொட ஒரு நூலளவுதான் பாக்கி. மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். அதே அளவில் வாங்கும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

வியாசர்பாடி மெக்கானிக்

அளவுக்கு அடுத்து இருக்கும் 55P போன்ற குறியைப் பழைய டயரில் பார்த்து, அதற்குக் குறையாமல் வாங்குங்கள். 55 என்பது 218 கிலோ தாங்கும் என்பதையும், P என்பது 150 கிலோமீட்டர் வேகத்தையும் குறிக்கும். டயர் தயாரான காலத்தைக் காட்டும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். அதை மாற்றி மாட்டிவிட்டால் கழற்றித் திருப்பச் சொல்லத் தயங்க வேண்டாம். புதிய டயரின் மேல் வழவழப்பு இருக்கும், முதல் 100 கிலோமீட்டருக்குச் சாய்ப்பையும் திடீர் பிரேக்கையும் தவிருங்கள். காற்றைக் காலையில் வண்டி எடுத்தவுடன், பக்கத்துப் பங்கிலேயே அளந்து வையுங்கள். மணலிவரை ஓட்டிய பிறகு அளந்தால் சூட்டில் இரண்டு மூன்று கூடுதலாகக் காட்டும், நீங்கள் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவீர்கள்.