அலமாரியைச் சுவரோடு இணைக்கும் பொருளுக்குத் தமிழில் என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

சுங்கை சிப்புட், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாலர் பள்ளிப் பெற்றோருக்காக வீட்டுப் பாதுகாப்புத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். இழுத்துத் திறக்கும் லாச்சி வைத்த அலமாரி முன்பக்கம் கவிழாமல் இருக்க, அதன் முதுகையும் சுவரையும் சேர்த்துத் திருகாணி போடுகிறோமே, அந்த வாருக்கோ தகட்டுக்கோ என்ன பெயர் வைக்கலாம்?

போன மாதம் என் தங்கையின் மூன்று வயது மகன் கீழ் லாச்சிகளை இழுத்துவிட்டு ஏணிபோல் மிதித்து ஏறினான். அலமாரி அப்படியே முன்னால் சாய்ந்தது. எதிரே கட்டில் இருந்ததால் அதன் விளிம்பில் தட்டி நின்றது. பையன் அந்த இடுக்கில், அழக்கூட வராமல் உட்கார்ந்திருந்தான். அப்புறம் பார்த்தால், அலமாரியோடு வந்த வாரும் இரண்டு திருகாணியும் பிரிக்காத பையோடு மேல் லாச்சியிலேயே கிடந்தன. மிச்சமான ஆணி என்று நினைத்து எடுத்து வைத்தாளாம்.

ஈப்போ, செவ்வாய் காலை

டீச்சர், 'சாய்தடை' என்று வையுங்கள். சின்னச் சொல், நாவில் நிற்கும்.

கிள்ளான், செவ்வாய் மதியம்

ஐயா மன்னிக்கவேண்டும். சாய்தடை வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு மாதிரி. சாய்ந்த தடை, சாய்கிற தடை, சாயும் தடை என்றுதான் விரியும்; தடையே சாய்ந்துவிடும். 'சாய்வுத்தடை' என்றால் இலக்கணம் சரி. ஆனால் நான் 'சுவர்ப்பிணை' என்பேன். எதோடு பிணைக்கிறோம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. டீச்சர் எழுதிய 'லாச்சி'யையும் மாற்றுங்கள். அது டச்சுச் சொல். இழுப்பறை என்று நமக்கு இருக்கிறதே.

பினாங்கு, செவ்வாய் இரவு

பிணை என்றால் நம் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு ஜாமீன்தான். சங்கப் பாடல் படித்தவர்களுக்குப் பெண்மான். 'சுவர்த்தளை' எப்படி? செய்யுளில் சீரோடு சீரைக் கட்டுவது தளை, சுவரோடு அலமாரியைக் கட்டுவதும் தளையாகட்டும். யாப்பு என்பதே 'யா', கட்டு என்பதிலிருந்து வந்ததுதானே. இன்னொன்று. மலாயில் கயிற்றைத் 'தாலி' என்கிறோம். நம் தாலிதான் அங்கே போனது என்பது என் நெடுநாள் எண்ணம்.

கிள்ளான், செவ்வாய் இரவு

அண்ணே, அது மலாய் சேர்ந்த ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்துப் பழைய சொல். பிலிப்பைன்ஸின் தாகலோகிலும் கட்டுவதற்குத் 'தாலி'தான். ஒலி ஒத்துப்போவதால் உறவாகிவிடாது. தளை என்றால் விலங்கு என்ற பொருளும் முன்னால் வந்து நிற்கும்.

சுங்கை பட்டாணி, புதன் காலை

நான் மரச்சாமான் வேலை செய்கிறவன். லாச்சிகளைத் திறந்ததும் எடை முன்னால் நகர்கிறது. அதில் பிள்ளையும் ஏறினால் எடையின் மையம் முன்காலைத் தாண்டிவிடும், அவ்வளவுதான். 2016இல் ஐக்கியா என்ற மரச்சாமான் நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெற்றதே, பிள்ளைகள் இறந்த பிறகு. அங்கே 2022இல் சட்டமே வந்தது; 2023 செப்டம்பர் முதல் சுமார் 27 கிலோ எடை வைத்துச் சோதிக்கிறார்கள். சொல்லுக்கு என் பங்கு: 'வார்' சேர்க்காதீர்கள். சில பெட்டிகளில் வார் வரும், சிலவற்றில் இரும்புத் தகடு வரும். அதோடு 'சுவர்வார்' என்றால் செய்வார், வருவார் போல வினைமுற்றாகக் காதில் விழுகிறது.

தாளில் இதையும் போடுங்கள்: செங்கல் சுவரில் துளையிட்டு பிளாஸ்டிக் பிளக் வைத்துத்தான் திருகாணி. பழைய லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, பலகைச் சுவர் என்றால் பலகையில் அடிக்கக்கூடாது, பின்னால் இருக்கும் சட்டத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். கனமான சாமான் கீழ் லாச்சியில். பொம்மையை அலமாரி உச்சியில் வைக்கவே கூடாது.

சுங்கை சிப்புட், புதன் மாலை

நன்றி அண்ணே. இன்று பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்களிடம் வாசலிலேயே கேட்டுப் பார்த்தேன். 'சாய்வுத்தடை'க்கு ஒருவர் சாய்வு நாற்காலியா என்றார். 'சுவர்ப்பிடி'க்கு, குளியலறையில் பாட்டி பிடித்துக்கொள்வதா என்றார்கள். 'சுவர்ப்பிணைப்பு' என்றதும் ஒரு பெண், "செவுத்தோட சேத்துக் கட்டுறதா டீச்சர்?" என்றாள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய ஒரு பாட்டி, வாழைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரியா என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல்மேல் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முட்டு சாய்கிற பக்கம் நின்று தாங்குவது; இது பின்னால் இருந்து இழுத்துப் பிடிப்பது. தாளைப் படித்துவிட்டு அலமாரிக்கு முன்னால் கட்டையை வைத்துவிட்டால் என்ன செய்வது?

லாச்சி லாச்சியாகவே இருக்கட்டும் ஐயா. அலமாரியும் போர்த்துக்கீசியம்தானே, அதை யாரும் விரட்டவில்லை. இந்தத் தாள் படிக்கிற வீட்டில் இழுப்பறை என்று யாரும் சொல்வதில்லை.

கிள்ளான், புதன் இரவு

பிணைப்பு தொழிற்பெயர். செயலுக்குப் பெயர், கருவிக்கு அல்ல.

ஈப்போ, வியாழன் காலை

வற்றல் தின்றான் என்கிறோமே, தொழிலின் பெயர் பொருளுக்கு ஆகிவருவது, தொழிலாகுபெயர். போதும் ஐயா, எனக்கும் சுவர்ப்பிணைப்பு சம்மதம்.

சுங்கை சிப்புட், வியாழன் மாலை

நான்கு பேர் சரி என்றதால் 'சுவர்ப்பிணைப்பு' என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். பக்கத்தில் படமும் வரைந்திருக்கிறேன். சனிக்கிழமை தங்கை வீட்டுக்குத் துளைப்பான் கொண்டு போகிறோம்.

கிள்ளான், வியாழன் இரவு

அச்சானது ஆகட்டும் டீச்சர். அடுத்த பதிப்புக்குச் 'சுவர்ப்பிணைப்பான்' என்று குறித்து வையுங்கள். இதை நான் விடுவதாக இல்லை.