பாப் டிலனின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ மூன்றாம் தொகுதியை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி:

வணக்கம். அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் அறுபதுகளின் பாடல்கள் எனக்கு நன்கு பழக்கமானவை. 1967-இலும் 1971-இலும் வந்த முதல் இரண்டு ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுதிகளைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 1994-இல் வெளியான மூன்றாம் தொகுதியை அண்மையில்தான் முழுமையாகக் கேட்டேன். 1973 முதல் அவர் பாடியவற்றில் 14 பாடல்கள் அதில் உள்ளன. அவற்றுள் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் வந்தவை நான்குதான். ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’ 12-ஆம் இடத்தையும், ‘காட்டா சர்வ் சம்படி’ 24-ஆம் இடத்தையும் பிடித்தன. ‘டேங்கிள்ட் அப் இன் ப்ளூ’, ‘ஹரிக்கேன்’ இரண்டும் முப்பதைத் தாண்டியே நின்றன. மற்றவற்றைப் பெரும்பாலானோர் கேட்டிருக்கவே மாட்டார்கள். இப்படிப்பட்ட ஒரு தொகுப்பை எந்த அளவுகோலால் அளப்பது? பாடல்களின் வரிசையும் காலவரிசையாக இல்லாததால் எனக்குப் பிடிபடவில்லை.

மறுமொழி 1:

நண்பரே, விற்பனைப் பட்டியலை முதலில் ஒதுக்கி வையுங்கள். இளமையில் உச்சம் தொட்ட ஒரு பாடகரின் முதல் தொகுப்பு, மக்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டதைத் திரட்டித் தந்தால் போதும். பிற்காலத் தொகுப்போ, மக்கள் கவனிக்கத் தவறிய ஆண்டுகளுக்காக வாதாட வேண்டும். எந்தப் பாடல் வென்றது என்பதைவிட, எந்தப் பாடலைக் கேட்டவுடன் அது இடம்பெற்ற மூல ஆல்பத்தைத் தேடிப் போகத் தோன்றுகிறது என்பதே இங்கு சரியான கேள்வி.

அந்த வகையில் இத்தொகுப்பின் மிகத் துணிச்சலான முடிவு ‘பிரவுன்ஸ்வில் கேர்ள்’. நாடக ஆசிரியர் சாம் ஷெப்பர்டுடன் சேர்ந்து எழுதிய, 11 நிமிடம் நீளும் இப்பாடல், 1986-இல் வந்த ‘நாக்ட் அவுட் லோடட்’ என்னும் மிகச் சாதாரணமான ஆல்பத்தில் புதைந்து கிடந்தது. கிரெகரி பெக் நடித்த ஒரு படத்தைப் பார்த்ததை நினைவுகூர்ந்தபடி தொடங்கும் கதைசொல்லி, தன் காதலுக்கும் அந்தப் படத்துக்கும் இடையே மாறி மாறிப் போகிறார். டிலன் பாதி பாடியும் பாதி பேசியும் செல்ல, பின்பாட்டுப் பெண்கள் ஒருவிதக் கேலியுடன் குறுக்கே குரல் கொடுக்கிறார்கள். ஒரே குறுந்தட்டில் ஏறத்தாழ 77 நிமிடமே உள்ள தொகுப்பில் 11 நிமிடத்தை இதற்கு ஒதுக்கியவர், வானொலிக்காகத் தொகுக்கவில்லை என்பது தெளிவு.

மறுமொழி 2:

மேலே எழுதியவரின் அளவுகோலை ஏற்கிறேன். ஆனால் அதே அளவுகோலால் அளந்தால் இத்தொகுப்பு பல இடங்களில் தோற்கிறது. 1979-இல் டிலன் கிறித்தவ நம்பிக்கையை வெளிப்படையாகப் பாடத் தொடங்கியதும், அடுத்தடுத்து மூன்று ஆல்பங்களை அதே உணர்வில் வெளியிட்டதும் அவருடைய பிற்கால வாழ்வின் பெரிய திருப்பம். இங்கோ அந்தக் காலத்துக்கு உரியவை இரண்டே பாடல்கள். அவற்றில் ஒன்று மூன்றாம் இடத்தில், ‘ஹரிக்கேன்’ பாடலுக்கு முன்னால் வருகிறது, மற்றொன்று பத்தாம் இடத்தில். கேட்பவருக்கு அப்படியொரு திருப்பம் நிகழ்ந்ததே தெரியாது. 1981-இல் வந்த ‘எவ்ரி கிரெயின் ஆஃப் சேண்ட்’ இல்லாதது என்னைப் பொறுத்தவரை மன்னிக்க முடியாத விடுபடல். ‘சில்வியோ’வுக்குக் கொடுத்த இடத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம். கிரேட்ஃபுல் டெட் என்னும் ராக் இசைக்குழுவின் பாடலாசிரியர் ராபர்ட் ஹண்டருடன் சேர்ந்து எழுதியது என்பதைத் தவிர, ‘சில்வியோ’வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

மறுமொழி 3:

காலவரிசை கலைந்திருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. இரண்டாம் தொகுதியும் அப்படித்தான் அமைந்திருந்தது. வரிசைப்படி அடுக்கியிருந்தால் எழுபதுகளின் நடுவில் ஏற்றம், எண்பதுகளில் சரிவு என்று ஊரறிந்த கதையே மறுபடியும் கேட்டிருக்கும். 1975-இன் ‘டேங்கிள்ட் அப் இன் ப்ளூ’ முடிந்த கையோடு 1978-இன் ‘சேஞ்சிங் ஆஃப் தி கார்ட்ஸ்’ தேய்ந்த ஒலியிலிருந்து மெல்ல எழுந்து வரும்போது, சாக்ஸபோனும் பின்பாட்டும் கலந்த அந்த அடர்ந்த ஓசையை அந்நாளைய விமர்சகர்களின் முன்முடிவு இல்லாமல் கேட்க முடிகிறது. ‘ஜோக்கர்மேன்’ பாடலில் ஜமைக்காவின் ஸ்லை டன்பாரும் ராபி ஷேக்ஸ்பியரும் தரும் தாளத்துக்கும் இதே ஆதாயம் கிடைக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. 1989-இல் டேனியல் லான்வா தயாரிப்பில் நியூ ஆர்லியன்ஸில் ‘ஓ மெர்சி’ ஆல்பத்துக்காக நடந்த ஒலிப்பதிவுகளிலிருந்து இங்கு மூன்று பாடல்கள் வந்துள்ளன. அவற்றில் ‘ரிங் தெம் பெல்ஸ்’ மட்டுமே அந்த ஆல்பத்தில் இருந்தது. ‘சீரிஸ் ஆஃப் ட்ரீம்ஸ்’, ‘டிக்னிட்டி’ இரண்டும் அன்று கழித்துக்கட்டப்பட்டவை. முன்னது 1991-இலேயே, அதுவரை வெளிவராத பதிவுகளைத் திரட்டிய ‘பூட்லெக் சீரிஸ்’ தொகுப்பில் வெளியாகிவிட்டது. மெட்டு பெரிதாக நகராமல் நிற்க, முரசொலி மட்டும் அலையலையாகப் பெருகும் அற்புதமான பதிவு அது. பின்னதற்குத் தயாரிப்பாளர் பிரெண்டன் ஓ'பிரையன் புதிய பின்னணி இசையைச் சேர்த்து, 1994-இன் ராக் வானொலிக்கு ஏற்றபடி மெருகேற்றினார். பழைய ரசிகர்களையும் வாங்க வைக்க ஒரு புதுப் பாடல் தேவைப்பட்டிருக்கும். வணிகத்தில் அது வழக்கம்தான். ஆனால் 2008-இல் ‘டெல் டேல் சைன்ஸ்’ தொகுப்பில் வெளிவந்த, பியானோ மட்டுமே துணைநிற்கும் ‘டிக்னிட்டி’யைக் கேட்டால், மெருகில் எவ்வளவு இழந்தோம் என்பது புரியும்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ‘நாக்ட் அவுட் லோடட்’ ஆல்பத்தை முழுவதும் கேட்கலாமா, அல்லது அந்த ஒரு பாடலோடு நிறுத்திக்கொள்வதே நல்லதா?

மறுமொழி 1:

அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் நேரத்தை, இதே பாடலின் முந்தைய வடிவமான ‘நியூ டான்வில் கேர்ள்’ பதிவுக்குக் கொடுங்கள். 2021-இல் வந்த ‘ஸ்பிரிங்டைம் இன் நியூயார்க்’ தொகுப்பில் அது கிடைக்கிறது. மறுமொழி 2-இல் எழுதிய நண்பருக்கு ஒன்று: ‘எவ்ரி கிரெயின் ஆஃப் சேண்ட்’ பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்காக நான் நீக்குவது ‘சில்வியோ’வை அல்ல, ‘ஃபாரெவர் யங்’ பாடலைத்தான். அதை அறிமுகப்படுத்தத் தொகுப்பு எதுவும் தேவையில்லை.