பார்புடா மாதிரித் தாழ்ந்த தீவில் 60 அறை ரிசார்ட்: கணக்கை எங்கே தொடங்குவது?

உப்புக்காற்று:
பயிற்சிக்காக ஒரு கணக்கு. இடம் பார்புடா, கரீபியன் தீவு, ஆன்டிகுவாவுக்கு வடக்கே. பரப்பு சுமார் 160 சதுர கி.மீ., உச்சியே சுமார் 40 மீட்டர்தான், ஆறு கிடையாது. ஊர் என்றால் காட்ரிங்டன் ஒன்றுதான். 2017 செப்டம்பரில் இர்மா புயல் அடித்த கையோடு தீவையே காலி செய்தார்கள். அதன் பிறகுதான் சொகுசு விடுதி வேலைகள் சூடு பிடித்தன.

திட்டம்: கடற்கரை மணல்மேட்டில் 60 அறைகள், 300 சதுர மீட்டர் நீச்சல் குளம், ஒரு ஹெக்டேர் புல்வெளி. இந்த வகை அறிக்கைகளில் அறை வாடகை முதல் பக்கத்திலும் தண்ணீர் பின்னிணைப்பிலும் இருக்கும். தலைகீழாக, தண்ணீரிலிருந்து தொடங்கினால் கணக்கு எப்படி வரும்? எது முதலில் இடிக்கும்?

நீர்த்தொட்டி:
முதலில் இடிப்பது விருந்தினர் இல்லை, புல்வெளி. பாருங்கள்:

அறைக்கு 2 பேர், எல்லா அறையும் நிரம்பினால் 120 பேர். சொகுசு விடுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 600 லிட்டர் போடலாம், ஆக 72 கனமீட்டர். ஊழியர் 120 பேர், ஆளுக்கு 100 லிட்டர், 12 கனமீட்டர். குளத்தில் தினம் 6 மி.மீ. ஆவியானால் 1.8 கனமீட்டர்தான், குளத்தைப் பற்றி எல்லோரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். புல்லுக்குத் தினம் 5 மி.மீ. பாய்ச்சினால் 50 கனமீட்டர்! புல்லை எடுத்துவிட்டால் 86-இல் முடிகிற கணக்கு, வைத்தால் 136.

86 கனமீட்டருக்கு ஆர்.ஓ. ஆலை (கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிப்பது): கடல்நீரில் 40 சதவீதம்தான் நன்னீராக வரும் என்று வையுங்கள். 215 உள்ளே இழுக்க வேண்டும், 129 கழிவு உப்புநீர். லிட்டருக்கு 36 கிராம் உப்போடு போனது 60 கிராமாகத் திரும்பும். அது கனமானது, கலக்காமல் அடியில் படிந்து கடற்புல் மேல் போர்வை மாதிரி கிடக்கும். கனமீட்டருக்கு 4 யூனிட் மின்சாரம் என்றாலும் தினம் 340 யூனிட் தண்ணீருக்கு மட்டும். ஒரே பெரிய இயந்திரம் வேண்டாம். நாளுக்கு 50 கனமீட்டர் தருகிற இயந்திரம் இரண்டு; கூடவே மூன்று நாள் தேவைக்குத் தொட்டி. சவ்வு கெட்டால் மாற்று படகில்தான் வரும். உள்ளிழுக்கக் கடற்கரையிலேயே கிணறு போடுங்கள், மணல் வடிகட்டித் தரும்.

மணல்மேடு:
அந்தக் கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மணல் தீவில் நிலத்தடி நன்னீர் என்பது கடல்நீர் மேல் மிதக்கிற ஒரு வில்லை, அதாவது லென்ஸ் வடிவப் படலம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 பங்கு. கிணறு இழுத்து மேல்மட்டம் 10 செ.மீ. இறங்கினால் உப்பு 4 மீட்டர் ஏறிவரும். வில்லை அதைவிட மெலிது என்றால் கதை முடிந்தது. ஆகவே கிணற்றில் நீர் நுழையும் வடிகுழாய்ப் பகுதி வில்லைக்குக் கீழே, உப்புநீருக்குள் இருக்க வேண்டும்; சோதனைத் துளையில் ஆழத்துக்கு ஆழம் உப்பளவு பார்த்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். கழிவு உப்புநீரைத் துளையில் விடுவதானால் அது இன்னும் ஆழத்தில்.

இதே மணல்தான் அலையையும் தடுக்கிறது. பார்புடாவில் பல ஆண்டுகள் மணல் வெட்டி விற்றார்கள். இர்மா காட்ரிங்டன் காயலுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல்திட்டை உடைத்தது. அந்தக் காயல் ராம்சார் தளம் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம்), கப்பற்பறவைகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம். கட்டட எல்லையை அலைக்கோட்டிலிருந்து அளப்பது பெரிய தப்பு. குளிர்கால வடக்கு அலையில் அந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். நிலையான செடிகள் தொடங்கும் வரியிலிருந்து அளக்க வேண்டும். மேட்டை வெட்டிப் பாதை போடாதீர்கள், வெட்டிய இடம் வழியாகத்தான் புயலலை உள்ளே வரும். மரப்படிப் பாதை மேலே, அதுவும் வளைவாக.

நிழலுக்குச் சவுக்கு நடுவார்கள். வேர் மேலோட்டம், காற்றில் சாயும், அடியில் எதையும் முளைக்க விடாது. கடல்திராட்சையும் அடும்பும் போதும். ஆம், நெய்தல் பாட்டில் வருகிற அதே அடும்புதான், அங்கும் படர்கிறது.

உப்புக்காற்று:
நன்றி. கழிவுநீரைச் சுத்திகரித்தால் புல்வெளிக்கு 50 கனமீட்டர் கிடைக்குமே? கணக்குப் பொருந்துகிறதே?

நீர்த்தொட்டி:
காகிதத்தில் பொருந்தும். அறையும் ஊழியரும் செலவழிக்கும் 84-இல் 80 சதவீதம் திரும்பினால் 67. ஆனால் அது நிறைந்த மாதத்தில். ஆள் இல்லாத மாதத்தில் 15-க்கு இறங்கும், கழிவைச் சிதைக்கிற நுண்ணுயிர் பட்டினி கிடக்கும், கூட்டம் வந்த முதல் வாரம் நாற்றமடிக்கும். இரண்டு இணைச் சுத்திகரிப்பு வரிசைகளும், வரத்தைச் சீராக்க ஒரு நாள் கொள்ளளவுள்ள சமன்தொட்டியும் வையுங்கள். சமையலறைக்குக் கொழுப்புப் பொறி தனியாக. குளத்து வடிகட்டி கழுவிய நீரை இதில் விடவே கூடாது, குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும். கழிப்பறைக்குக் கடல்நீர் விட்டு மிச்சம் பிடிக்க நினைத்தால் மறுபயன்பாட்டை மறந்துவிடுங்கள், புல் கருகும்.

மழை மாதத்தில் புல் குடிக்காது. அப்போது பாய்ச்சினால் நைட்ரேட் மணலில் இறங்கிக் காயலுக்கும் பவளத்துக்கும் போகும், பாசி மூடும். சேமிப்புத் தொட்டி இல்லையென்றால் புல்லைக் கால் ஹெக்டேராகக் குறையுங்கள்.

கரைக்காவல்:
விடுபட்டவை மூன்று.

சர்காசம், அதாவது மிதக்கும் பழுப்புக் கடற்பாசி. 2011 முதல் கரீபியனில் இது கூட்டமாக ஒதுங்குகிறது. ஒதுங்கி இரண்டு நாளுக்குள் எடுக்காவிட்டால் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு வாடை. பொக்லைனால் அள்ளினால் மணலும் சேர்ந்து போகும், ஆமை முட்டையும் நசுங்கும். கையில் வாருகோல், அகல டயர் வண்டி. ஆர்சனிக் இருப்பதால் காய்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போடக் கூடாது; கடலோரக் குழியிலும் புதைக்காதீர்கள், வில்லையில் கசியும். விளக்கு. கடற்பக்கத்தில் 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அம்பர் நிறம், தாழ்வாக, மறைப்போடு. வெள்ளை விளக்கைப் பார்த்து ஆமைக்குஞ்சு கரைப்பக்கம் திரும்பிவிடும்.

நிலம். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பார்புடா நிலத்தை மக்கள் பொதுவில் வைத்தது, பெரிய திட்டத்துக்கு அவர்கள் சம்மதம் கேட்டது. இர்மாவுக்குப் பின் அரசு அதை மாற்றப் போய்த் தகராறு இன்றும் ஓயவில்லை. புதிய விமான நிலைய அனுமதியை எதிர்க்கத் தீவுவாசிகளுக்குத் தகுதி உண்டு என்று பிரிவி கவுன்சில் (இந்த நாட்டுக்கு இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம், லண்டனில்) 2024-இல் தீர்த்துவிட்டது. ஆகவே சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து ஊர் படித்துப் பார்க்கும் வரை ஒரு செடியைக்கூடப் பிடுங்காதீர்கள். ஆய்வில் ஊழியர் குடியிருப்பையும் சேருங்கள். தீவில் மொத்தமே ஆயிரத்து அறுநூறு பேர் அளவுதான், 120 பேரை வெளியிலிருந்து கொண்டுவந்தால் அவர்கள் தங்கும் இடத்துத் தண்ணீர் மேலே போட்ட 100 லிட்டரில் அடங்காது. 200 போடுங்கள்.

உப்புக்காற்று:
200 போட்டால் ஊழியருக்கே 24, மொத்தம் 98. இரண்டு 50 இயந்திரமும் முழுநேரம் ஓட வேண்டும், மாற்று இல்லை.

நீர்த்தொட்டி:
ஆமாம். மூன்றாவது ஒன்று, அல்லது 50 அறை.