சிலம்பு என்ற சொல்லுக்கு மலை என்றும் பொருள் உண்டா?

தலவாக்கலை மாணவி:

மார்கழியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் திருவெம்பாவை படிக்கும்போது, "கோழி சிலம்பச் சிலம்பும் குருகெங்கும்" என்ற அடியைச் சிறுவயது முதல் பொருள் கேட்காமலே பாடி வந்திருக்கிறேன். இப்போது உயர்தரப் பரீட்சைக்காகத் தமிழ் படிக்கையில், குறுந்தொகையில் "விடர்முகைச் சிலம்புடன் கமழும் அலங்குகுலைக் காந்தள்" என்று வருவதையும், அங்கே சிலம்பு மலையைக் குறிப்பதையும் கண்டேன். கண்ணகியின் காலில் இருந்ததும் சிலம்புதான். அணிகலன், கோழியின் கூவல், மலை ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன என்பதை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

கொட்டகலை ஆசிரியர்:

தங்கையே, வினையிலிருந்து தொடங்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சிலம்புதல் என்றால் ஒலித்தல். திருப்பாவையிலும் "புள்ளும் சிலம்பின காண்" என்று ஆண்டாள் பாடுகிறார். காலில் அணியும் சிலம்பு உள்ளே வெற்றிடம் உடையது. அதற்குள் இட்ட பரல்கள் நடக்கும்போது ஒலிப்பதால் அந்தப் பெயர் அதற்குப் பொருந்துகிறது. சிலப்பதிகார வழக்கே அந்தப் பரலில்தான் முடிவாகிறது. "என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே" என்று கண்ணகி கூற, பாண்டியன் தன் தேவியின் சிலம்பில் இருப்பவை முத்துகள் என்கிறான். சிலம்பை உடைத்தபோது தெறித்தது மாணிக்கம். அங்கே அரி என்பது பரலைக் குறிக்கும்.

மலைக்கு இந்தப் பெயர் வந்தது எதிரொலியால் என்பதே என் எண்ணம். விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தொழிலாளரை வேலைக்குப் பிரித்து அனுப்பும் கூட்டத்துக்கு, தப்புப் பறை அடித்தால் எதிர்மலையிலிருந்தும் ஒரு தப்பு பதில் சொல்வதை நம் தோட்டங்களில் கேட்காதவர் இல்லை. குறிஞ்சி நிலத் தலைவனுக்குச் சிலம்பன் என்ற பெயர் உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், வினாத்தாளுக்கும் உதவும்.

மஸ்கெலியா வாசகர்:

ஆசிரியர் ஐயா கூறும் எதிரொலி விளக்கம் கேட்க இனிமையாக இருந்தாலும், அதை முடிந்த முடிபாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. மாணவி காட்டிய குறுந்தொகைப் பாட்டிலேயே சிலம்பு ஒலியோடு அல்ல, மணத்தோடுதான் வருகிறது: பிளவும் குகையும் உடைய மலைப்பக்கம் முழுவதும் காந்தள் மணக்கிறது, அதன் தாதை ஊதும் சிறு தும்பி, பாம்பு உமிழ்ந்த மணி போலத் தெரிகிறது. தும்பியின் ரீங்காரத்தைத் தவிர அங்கே சிலம்புவதற்கு எதுவும் இல்லை. மலை என்ற பொருள் அந்தக் காலத்திலேயே தன் காலில் நின்றுவிட்டது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இன்னொன்று, சிலம்பு முழு மலையை மட்டும் அல்லாமல் பக்கமலையையும், அதாவது சரிவையும் குறிக்கும். "இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து?" என்று கேட்டுப் பழகிய நமக்கு, ஒரு சரிவையே மலை என்று சொல்வது புதிது அல்ல.

இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடியவர் பெரியாழ்வார். "சிலம்பார்க்க வந்து தெய்வமகளிர்கள் ஆடும் சீர்ச் சிலம்பாறு பாயும் தென்திருமாலிருஞ்சோலையே" என்ற அடிகளில் முதற்சிலம்பு காலில் ஒலிக்கிறது. அடுத்தது மதுரையை அடுத்த அழகர்மலையில் ஓடும் ஆறு. அந்த ஆற்றை வடமொழியில் நூபுர கங்கை என்கிறார்கள். நூபுரம் என்றால் காற்சிலம்பு; ஆகவே அப்படிப் பெயரிட்டவர்கள் அணிகலனை எடுத்துக்கொண்டு மலையை விட்டுவிட்டார்கள். மலையாறு என்று கொண்டால்தான் எனக்கு அந்தப் பெயர் இயல்பாகத் தெரிகிறது.

பதுளை அன்பர்:

சிலந்திக்கும் சிலம்பி என்று ஒரு பெயர் உண்டு; அதை ஒலியோடு முடிச்சுப்போட முயல வேண்டாம். அம்பர் என்ற ஊரின் கணிகை ஒருத்திக்கும் சிலம்பி என்பதே பெயராம். கம்பர் பாதி பாடி நிறுத்திய வெண்பாவை, "அம்பர்ச் சிலம்பி அரவிந்தத் தாளணியும் செம்பொற் சிலம்பே சிலம்பு" என்று ஔவையார் முடித்துக் கொடுத்ததாகத் தனிப்பாடற் கதை கூறும். கதை உண்மையோ பொய்யோ, ஈற்றடியின் ஓசையே போதும். நம் தோட்டத் திருவிழாக்களில் கம்பு சுற்றும் சிலம்பத்தின் பெயரையும் சிலர் கம்பு காற்றைக் கிழிக்கும் ஒலியோடும், வேறு சிலர் மலையோடும் இணைப்பார்கள். நான் ஒலியின் பக்கம்.

தலவாக்கலை மாணவி:

மூவருக்கும் நன்றி. அப்படியானால் திருவெம்பாவை அடியில் மலைக்கு இடமே இல்லை, கோழி கூவ மற்றப் பறவைகளும் ஒலிக்கின்றன என்று மட்டும் எழுதினால் சரியா? குருகு என்பது கொக்கு என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

கொட்டகலை ஆசிரியர்:

சரி, அப்படியே எழுதுங்கள். குருகு கொக்கையும் நாரையையும் குறிக்கும் என்றாலும், இந்த அடியில் பொதுவாகப் பறவைகள் என்று கொள்வதே பொருத்தம். ஆனால் அந்தச் சொல்லையும் அகராதியில் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கைவளை என்ற பொருளும் அதற்கு உண்டு.